டயர் தேய்வதும் முதல் தேய்வதும்



நமது இதழில் வரியைப் பற்றி எழுதுகிறோம், உரிமத்தைப் பற்றி எழுதுகிறோம், தராசு முத்திரையைப் பற்றியும் கடை வாடகையைப் பற்றியும் எழுதுகிறோம். இம்முறை இருசக்கர வண்டியின் டயரைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டோம். "மளிகைக்காரனுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். கொல்லிமலையில் கடை வைத்திருப்பவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. இறங்கும்போது மிளகு, காப்பிக்கொட்டை, வாழை, அன்னாசி, பலா. நடுவில் நம்மைத் தாங்கி நிற்பது உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரண்டு ரப்பர்த் துண்டுகள். கடைக்கு முதல் எப்படியோ, வண்டிக்கு டயர் அப்படி.

நாம் அடிவாரத்தில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைக் கடைகளுக்குச் சரக்குப் போட்டு வருகிறோம். சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிய காலம் தெரியும். 1980ல் டி.வி.எஸ்.50 வந்தபோது, "இனி மிதிக்க வேண்டாம்" என்று மகிழ்ந்த காலமும் தெரியும். இன்று சிறு கடைக்காரர்கள் பலர் வேன் வாடகை கட்டாது என்று தம் மொபெட்டிலேயே இறங்கி வந்து, சரக்கு எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களில் யாரைக் கேட்டாலும், "பெட்ரோல் செலவைக்கூடத் தாங்கலாங்க, டயர்தான் நிற்க மாட்டேங்குது" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நமக்குப் புத்தி வந்த கதை

அறிவுரை சொல்லும் முன் நம் தவறைச் சொல்லிவிடுவது முறை.

2019 தீபாவளி சமயம். நம் கடையில் சிறு வயதிலிருந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவர், மலைக் கடைகளுக்கு மொபெட்டில் சரக்குப் போட்டு வசூலும் செய்து வருவார். அக்டோபர் தொடக்கத்திலேயே, "பின் டயர் மொட்டையாயிடுச்சுங்க, மாத்திரலாங்களா?" என்று கேட்டார். நாம் குனிந்து பார்த்தோம். பட்டன் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் நூல் தெரியவில்லை. "தீபாவளி முடியட்டும் தம்பி, சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்றோம். இல்லாத பணம் அல்ல. தீபாவளிச் சரக்கில் முடங்கிய பணத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சத்தை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் ஒரு மாதம் மிச்சம் என்று கணக்குப் போட்டோம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு தம்பி இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டதும் பின் சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. தடுப்புச் சுவர் ஓரம் விழுந்ததால் உயிர் தப்பியது. கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. வைத்தியச் செலவை நாம் ஏற்றோம், சம்பளமும் கொடுத்தோம். தீபாவளி வசூல் பாதியில் நின்றது. ஒரு டயர் விலையைப் போல எத்தனை மடங்கு போயிற்று என்று எழுதினால் நமக்கே வெட்கம்.

அந்தக் கணக்கைவிட நம்மைச் சுட்டது வேறு. பார்க்கப் போயிருந்தபோது தம்பியின் தாயார் காப்பி கொடுத்தார். நம்மைக் குறை கூறவில்லை. போகும்போது வாசலில் வைத்து, "ஏனுங்க முதலாளி, தீபாவளி முடிஞ்சிருச்சுங்களே, இனி டயர் மாத்திருவீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாள் குத்திக் காட்டவில்லை. மகன் மறுபடி அதே வண்டியில் ஏற வேண்டுமே என்ற கவலையில் கேட்டார். நமக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து டயர் விஷயத்தைச் சரக்கு விஷயம் போலவே பார்க்கத் தொடங்கினோம். பஞ்சர் கடைக்காரர்களிடம் கேட்டோம், நாமக்கல் லாரிக்காரர்களிடம் கேட்டோம், டயர் வியாபாரிகளிடம் கேட்டோம். அதில் தெரிந்துகொண்ட முக்கியமான பாடம் ஒன்றுதான். டயரின் ஆயுளைக் கூட்டுவது வேறு, தேய்ந்த டயரை இழுத்துக்கொண்டு ஓடுவது வேறு. முதலாவது சிக்கனம். இரண்டாவது கடன் வாங்கிச் செலவு செய்வது போன்றது. வட்டி எப்போது, யாரிடம் வசூலாகும் என்று தெரியாது. மிச்சம் பிடிப்பதெல்லாம் டயர் புதிதாக மாட்டிய நாளிலிருந்து பிடிக்க வேண்டும். கடைசி மாதத்தில் பிடிக்க முடியாது.

சுமையைத் தாங்குவது காற்று

டயர் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம். சுமையைத் தாங்குவது உண்மையில் உள்ளே அடைத்த காற்று. ரப்பரும் அதன் உள்ளே இருக்கும் நூலடுக்கும் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. 1888ல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த குழாயைச் சுற்றிக் கட்டிப் பார்த்ததில் நடைமுறைக்கு வந்த யோசனை இது. நம் சென்னை திருவொற்றியூரில் 1946ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் நிறுவனம், 1961ல் டயர் தயாரிப்பில் இறங்கியது. அதுவே இன்றைய எம்.ஆர்.எப். பலூனானாலும் டயரானாலும் காற்றுதான் சரக்கு.

காற்றுக் குறைந்த டயர் சுமையில் சப்பையாகி, ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு மடிந்து மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடாவது போல டயர் உள்ளுக்குள் சூடாகிறது. சூட்டில் ரப்பர் இளகி வேகமாகத் தேய்கிறது. நூலடுக்கு விட்டுப்போகிறது. ஓரங்கள் முதலில் கரைகின்றன. வண்டி இழுக்க எஞ்சினுக்குச் சிரமம் கூடிப் பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. காற்று அளவுக்கு மேல் போனால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு, நடுப்பகுதி சீக்கிரம் மொட்டையாகும். கல்லில் ஏறினால் குதிக்கும், ஈரத்தில் பிடிமானம் குறையும். ஆகவே கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சரியான அளவு எது? அது பஞ்சர் கடைக்காரர் சொல்வதும் அல்ல, கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதும் அல்ல. வண்டியோடு கொடுத்த கையேட்டில் எழுதியிருக்கிறது. பல வண்டிகளில் ஸ்டிக்கராக ஒட்டியும் இருக்கிறது. முன் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின் சக்கரத்துக்கு ஓர் அளவு. பின் சக்கரத்திலும் ஒருவர் மட்டும் போனால் ஒன்று, இன்னொரு ஆளோ சுமையோ ஏறினால் கூடுதலாக இன்னொன்று. நம்மில் பலர் வெறும் வண்டிக்கான காற்றை வைத்துக்கொண்டு மூட்டை ஏற்றுகிறோம். டயர் நிற்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. டயர் ஓடிச் சூடானால் உள்ளே அழுத்தம் தானே ஏறும். ஆகையால் வண்டி குளிர்ந்து நிற்கும்போது, காலையில் எடுக்கும் முன்பே காற்றைப் பார்க்க வேண்டும். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் அழுத்தம் ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு வரை குறையும். அடிவாரத்தில் மதிய வெயிலில், ஏறி வந்த சூட்டோடு காற்றுப் பிடித்து "சரியாக இருக்கிறது" என்று நினைப்பவர், மறுநாள் காலை செம்மேட்டுக் குளிரில் பார்த்தால் குறைவாகவே காண்பார். அதே போல, சூடான டயரில் அளவு கூடக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடக் கூடாது. மலையில் இருப்பவர் மலையிலேயே பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சிறு காற்றுமானியும் ஒரு கால் பம்பும் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு டயர் விலைகூட ஆகாது. கீழே இறங்கினால் பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். பத்து கிராம் வித்தியாசம் வந்தால் நம் தூக்கம் போகிறது. ஆளைத் தாங்கும் காற்றை மட்டும் விரலால் அமுக்கிப் பார்க்கிறோம். இது நியாயமா?

வால்வின் மேல் மூடி எத்தனை வண்டிகளில் இருக்கிறது என்று இன்று உங்கள் கடை வாசலில் பாருங்கள். மூடி இல்லாவிட்டால் மண் புகுந்து காற்று மெல்லக் கசியும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். வால்வ் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், காற்றுக் குறைவால் டயர் ரிம்மின் மேல் நழுவுகிறது என்று பொருள். அப்படியே விட்டால் ஒரு நாள் வால்வ் அடியோடு பிய்ந்து, ஓடும் வண்டியில் காற்று முழுவதும் ஒரே நொடியில் போகும். அது வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இன்னொரு சிப்பம்

இனி நம் போன்ற மொத்த வியாபாரிகள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண் டயர் தாங்கும் சுமைக்கான குறி. 41 என்றால் 145 கிலோ, 48 என்றால் 180 கிலோ, 52 என்றால் 200 கிலோ. எழுத்து வேகத்துக்கான குறி. இந்தச் சுமையும் காற்று சரியாக இருந்தால்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 41 போட்ட டயர் உள்ள மொபெட். வண்டி ஏறத்தாழ 85 கிலோ. ஓட்டுகிறவர் 65 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அரிசி 26 கிலோ சிப்பமாக வருகிறது. நான்கு சிப்பம் ஏற்றினால் 104 கிலோ. மொத்தம் 254. இதில் ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரத்தில் விழுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 152 கிலோ. டயரின் அளவை அப்போதே தாண்டிவிட்டோம். சரக்கு முழுவதையும் பின்னால் கட்டினால் பங்கு இன்னும் கூடும். ஏற்றத்தில் எடை மேலும் பின்னால் சாயும். இவ்வளவுக்கும் நாம் சேர்த்தது அரிசி மட்டும். எண்ணெய் டின்னும் சோப்புப் பெட்டியும் கணக்கில் வரவில்லை.

கடைக்காரர் மூன்று சிப்பம் போதும் என்பார். "இன்னொன்னு போட்டுக்குங்க, விலை ஏறப்போகுது" என்று நாலாவதைத் தூக்கி வைப்பவர் யார்? நாம்தான். அந்த ஒரு சிப்பத்தில் நமக்குக் கிடைக்கும் லாபம் ஒரு பஞ்சர் கூலிக்குக் காணாது. அதனால் தேய்வது அவருடைய டயர். பல ஆண்டுகள் நாமும் அப்படித்தான் ஏற்றி விட்டிருக்கிறோம். இப்போது நம் கடையில், மொபெட்டில் வருபவருக்கு மூன்றுக்கு மேல் ஏற்றுவதில்லை. நான்காவதை மறுநாள் வேனில் அனுப்புகிறோம். முதலில் சில வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களே, "மூணே போதுங்க" என்கிறார்கள்.

ஏற்றும் மூன்றையும் ஒழுங்காக வைக்க வேண்டும். கால் வைக்கும் பலகையில் ஒன்று, மீதியை இருக்கைக்கு நெருக்கமாகத் தாழ வைத்துக் கட்ட வேண்டும். கேரியரின் கடைக்கோடியில் தொங்கினால் முன் சக்கரம் தரையில் நிற்காது, பின் டயர் நசுங்கும். ஒரு பக்கம் சாய்ந்த மூட்டை டயரையும் ஒரு பக்கமாகத் தேய்க்கும்.

இறக்கத்தில்தான் தேய்மானம்

ஏற்றத்தில் டயர் தேய்கிறது என்று நினைப்போம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் விதத்தில் தேய்வது அதற்குக் குறைந்ததல்ல. "சாண் ஏற முழம் சறுக்கும்" என்ற பழமொழி மலைப்பாதை டயருக்கும் பொருந்தும்.

இறக்கத்தில் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. அப்போது பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் நின்று தரையில் இழுபடும். ஓர் இடம் மட்டும் அரைபட்டுச் சப்பையாகும். அந்த இடத்தைப் பிறகு எதனாலும் சரி செய்ய முடியாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்ப வேண்டும். மழையில் இது உயிர் விஷயம்.

கியர் வண்டிக்காரர்கள் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்கள் மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் பிரேக் கட்டையிலும் டயரிலும் போகிறது. மொபெட்டில் கியர் இல்லை. மெதுவாக இறங்கும்போது கிளட்ச் விட்டுக்கொள்வதால் எஞ்சின் பிடிப்பும் குறைவு. ஆகவே பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடித்து, பாதி வழியில் ஐந்து நிமிடம் நிறுத்தி, டிரம்மின் சூடு தணிந்த பின் இறங்குவது நல்லது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு தேநீர் குடிக்கலாம். யாருடைய வியாபாரமும் கெட்டுவிடாது.

புது டயர் மாட்டியதும் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். மேற்பரப்பில் ஒரு வழவழப்பு இருக்கும். அது போன பிறகே முழுப் பிடிமானம் வரும். புது டயருக்குப் புது டியூப் போடுவதே முறை. பழைய டியூப் நீண்டு போயிருக்கும், உள்ளே மடிந்து கிழியும். மலை ஈரத்தில் ரிம்மின் உட்புறம் துருப்பிடிக்கும். டயர் மாற்றும்போது துருவைத் தேய்த்து எடுத்து, கம்பி முனைகளை மூடும் ரப்பர்ப் பட்டையையும் மாற்றச் சொல்லுங்கள். சில ரூபாய்ச் செலவு, பல பஞ்சர் மிச்சம்.

செயின் இழுக்கும்போது பின் சக்கரம் கோணலாக நின்றுவிட்டால் டயர் எப்போதும் கொஞ்சம் குறுக்கே இழுபட்டே ஓடும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு டயர் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

தேதி பார்க்கிற நாம்

பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. டயருக்கும் தேதி உண்டு. பக்கவாட்டில் சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ம் ஆண்டின் 35வது வாரம் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். வாங்கும்போது இதைப் பாருங்கள். தேதி பார்த்துச் சரக்கு எடுக்கிற நம்மிடமே பழைய சரக்கைத் தள்ளப் பார்த்தால், "வேறு எடுங்கள்" என்று சொல்ல நமக்குத் தெரியாதா?

மளிகைக் கடை வண்டிக்கு ஒரு தனி எதிரி உண்டு, அது எண்ணெய். கடலெண்ணெய் டின் கசிந்து டயரில் சொட்டுவதை யாரும் கவனிப்பதில்லை. எண்ணெயும் டீசலும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊறச் செய்து மென்மையாக்கிவிடும். சில வாட்டர் சர்வீஸ்காரர்கள் கழுவிய பின் பளபளப்புக்காக டீசல் தெளிப்பார்கள். "டயரில் படாமல் அடி" என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் பட்டால் சோப்புத் தண்ணீரில் உடனே கழுவுங்கள். நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தாமல் நிழலில் நிறுத்துங்கள். பட்டன் இடுக்கில் சிக்கிய கற்களையும் ஆணியையும் வாரம் ஒருமுறை குச்சியால் எடுத்துவிடுங்கள்.

எப்போது கழற்றுவது?

இத்தனையும் செய்தால் டயர் நிச்சயம் அதிகம் உழைக்கும். நம் கடை நோட்டின்படி, முன்பு மூன்று டயர் போன ஓட்டத்துக்கு இப்போது இரண்டு போதுகிறது. ஆனாலும் ஒரு நாள் அது தேய்ந்தே தீரும். அந்த நாளை ஒத்திப் போடுவதில்தான் நாம் தவறு செய்தோம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டி டயரின் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அளக்கத் தெரியாதவரும் பார்த்துக்கொள்ள, டயர் செய்பவர்களே பட்டன் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். அவை எங்கே என்று பக்கவாட்டில் முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ காட்டும். மேடும் பட்டனும் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. பட்டன் பள்ளம் அழகுக்காக வைத்தது அல்ல. மழையில் டயருக்கு அடியில் சேரும் நீர் வெளியேறும் வாய்க்கால் அது. வாய்க்கால் தூர்ந்தால் டயர் தண்ணீர் மேல் போகும், சாலை மேல் போகாது.

சட்டம் சொல்வது கடைசி எல்லை. மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது நம் கருத்து. புரட்டாசி பிறந்ததும் எல்லா வண்டிகளையும் ஒருமுறை பாருங்கள். ஐப்பசி மழையைத் தாங்காது என்று தோன்றும் டயரை அப்போதே மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் வெடிப்போ புடைப்போ இருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

நாமக்கல் லாரிக்காரர்களைப் பார்த்து, "அவர்கள் ரீட்ரெட் செய்து ஓட்டுகிறார்களே, நாம் ஏன் செய்யக் கூடாது?" என்று ஒரு நண்பர் கேட்டார். லாரி டயரின் கூடு மறுபடி ரப்பர் ஏற்றித் தாங்கும்படி கெட்டியாகச் செய்யப்படுவது. நம் வண்டி டயர் அப்படி அல்ல. மொட்டை டயரில் கத்தியால் பட்டன் வெட்டித் தருபவர்களிடமும் போகாதீர்கள். நூலுக்கும் சாலைக்கும் நடுவில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் ரப்பரையும் அவர்கள் எடுத்துவிடுகிறார்கள். லாரிக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. புறப்படும் முன் ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். எந்த டயர் எந்தத் தேதியில் மாட்டியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கு வைத்திருப்பார்கள். டயரை அவர்கள் முதலாக நினைக்கிறார்கள். நாம் சில்லறைச் செலவாக நினைக்கிறோம்.

யார் செலவு?

"வண்டி பையனுடையது, பெட்ரோலுக்குப் படி கொடுக்கிறோம், டயர் அவன் பாடு" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. வண்டி அவருடையதாக இருக்கலாம். அதன் மேல் இருக்கும் சரக்கு யாருடையது? அவர் சம்பளத்தில் டயருக்கு எடுத்து வைக்க மிஞ்சுமா? மிஞ்சாது என்று தெரிந்தும் நாம் பேசாமல் இருந்தால், அவர் மொட்டை டயரில்தான் ஓடுவார். நம் வேலைக்கு ஓடும் வண்டிக்கு டயர் நம் செலவு. தேய்ந்த கால் செருப்போடு மூட்டை தூக்கச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

"விலை தாங்கவில்லை" என்பது இன்னொரு பேச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் ஆயிரம் ரூபாய் டயர், 1,280 ஆக இருந்தது 1,180 ஆகியிருக்கிறது. பில் கேட்டு வாங்கினால்தான் அந்த நூறு ரூபாய் நமக்கு வந்ததா என்று தெரியும். அந்த நூறு ரூபாயைக் காற்றுமானிக்கு ஒதுக்குங்கள் என்பது நம் வேண்டுகோள்.

"சாலை சரியில்லை" என்பார்கள். சாலைக்காக நாம் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், கொடுத்துக்கொண்டும் இருப்போம். ஆனால் 70 வளைவுகள் எந்த மனுவாலும் நேராகப் போவதில்லை. அவற்றோடு வாழ வேண்டியவர்கள் நாம்.

சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் உறுப்பினர் கடை ஒன்றில் சங்கச் செலவில் ஒரு கால் பம்பும் காற்றுமானியும் வைக்க வேண்டும். உறுப்பினர் ஆனாலும் ஆகாவிட்டாலும் யாரும் வந்து காற்றுப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, புரட்டாசி மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் தம் வண்டியோடும் கடைப் பையன்களின் வண்டியோடும் வர வேண்டும். பேச்சுத் தொடங்கும் முன் டயர்களைப் பார்த்துவிடுவோம். மூன்றாவது, மொபெட்டில் வரும் மலைக் கடைக்காரருக்கு அளவுக்கு மேல் சிப்பம் ஏற்றுவதில்லை என்று அடிவார மொத்த வியாபாரிகள் நாமெல்லாம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். எல்லோரும் மறுத்தால் எல்லோருக்கும் நல்லது.

நம் தம்பி இப்போது நன்றாக நடக்கிறார். குளிர் நாளில் மட்டும் கால் கொஞ்சம் இழுக்கிறது. வண்டிகளின் டயர் நோட்டை அவர்தான் எழுதுகிறார். தேதி, கிலோமீட்டர், காற்று, கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்து. "மாத்தணும்" என்று அவர் எழுதிய அன்றே புது டயர் வந்துவிட வேண்டும், நம்மிடம் கேட்க வேண்டியதில்லை என்பது கடையின் ஏற்பாடு. இதுவரை ஒருமுறைகூட அவர் அவசரப்பட்டு எழுதியதில்லை.

வாசகர்கள் நாளைக் காலை கடை திறக்கும் முன், சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு வெளியே வந்து, வாசலில் நிற்கும் வண்டியின் பின் டயரை ஒருமுறை குனிந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம்.